விற்பனை இருக்கிறது, பணம் எங்கே? சிறு தொழிலில் கோளாறு தேடும் வழி

கூரை ஒழுகும்போது தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வேறெங்கோ இறங்கிய நீர் மரச்சட்டம் வழியாக ஓடி வந்து இங்கே சொட்டும். புதிதாகத் தொழில் தொடங்கியவர்களின் சிக்கலும் பெரும்பாலும் அப்படித்தான். "விளம்பரம் பண்ணணும்" என்று வருபவரின் கணக்கைப் பிரித்தால் விலையில் ஓட்டை இருக்கும். "கொஞ்சம் கடன் கிடைச்சா போதும்" என்பவருக்கு வசூலில் ஓட்டை இருக்கும். தவறான இடத்தில் பணம் போட்டால் பழைய கோளாறு அப்படியே இருக்க, கையில் இருந்ததும் போய்விடும். அதனால் தீர்வை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். முதலில் காரணத்தைத் தேடுவோம்.

ஜப்பானின் டொயோட்டா கார் ஆலைகளில் பொறியாளர் தாயிச்சி ஓனோ ஒரு பழக்கத்தை வளர்த்தார். இயந்திரம் நின்றால் உடனே உதிரிபாகத்தை மாற்றிவிட்டுப் போகக் கூடாது, "ஏன்?" என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஐந்து என்பது கண்டிப்பான எண் அல்ல. முதல் பதிலோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் கருத்து. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் அதையே செய்யப் போகிறோம்.

தொடங்கும் முன் இவற்றை மேசையில் எடுத்து வையுங்கள்:

- கடந்த 3 மாத வங்கிக் கணக்கு விவரம்
- வர வேண்டிய பாக்கி: யாரிடம், எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து
- கொடுக்க வேண்டிய பாக்கியும் கடனும், வட்டி விகிதத்தோடு
- கையிருப்புச் சரக்கு, அடக்க விலையில்
- உங்கள் சொந்தச் செலவுக்கு எடுத்த பணம்

கடைசி வரியை எழுத முடியவில்லை என்றால், வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே கணக்கில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் வேறு எதையும் சரிசெய்ய முயல வேண்டாம். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு திறந்து, ஒரு மாதம் எல்லா வரவு செலவும் அதன் வழியாகவே நடக்கட்டும். அதன் பிறகு இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வாருங்கள். கலந்து கிடக்கும் கணக்கை வைத்துக்கொண்டு யாராலும் காரணம் கண்டுபிடிக்க முடியாது.

அறிகுறி: "வியாபாரம் நல்லா நடக்குது, ஆனா கையில பணமே இல்ல"

இதைத்தான் அதிகம் கேட்கிறேன், நீளமாகச் சொல்லப் போவதும் இதைத்தான். லாபம் என்பது ஏட்டில் இருக்கும் கணக்கு. பணம் என்பது சம்பளத் தேதியன்று கையில் இருக்க வேண்டிய பொருள். லாபத்தில் ஓடும் தொழிலும் பணம் வறண்டு நின்றுபோகும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். வாங்கிய சரக்கு விற்க எத்தனை நாள் ஆகிறது? விற்ற பிறகு பணம் வர எத்தனை நாள்? உங்களுக்குச் சரக்குக் கொடுத்தவருக்கு நீங்கள் பணம் கட்ட எத்தனை நாள் தவணை? முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழியுங்கள். சரக்கு 40 நாள், வசூல் 35 நாள், உங்களுக்குக் கிடைக்கும் தவணை 15 நாள் என்றால் 60 நாள். நீங்கள் போட்ட ஒவ்வொரு காசும் 60 நாள் வெளியே சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புகிறது. நாளொன்றுக்கு 1,000 மதிப்புள்ள சரக்கு நகர்ந்தால் 60,000 எப்போதும் வெளியே முடங்கிக் கிடக்கும்.

இப்போது வியாபாரம் இரட்டிப்பாகிறது என்று வையுங்கள். முடங்கும் தொகை 1,20,000 ஆகிவிடும். கூடுதலான 60,000 எங்கிருந்து வரும்? லாபத்திலிருந்து அது சேர்வதற்குள் சம்பளத் தேதி வந்துவிடும். "நல்லா வளர்ந்துக்கிட்டிருந்தேன், திடீர்னு மாட்டிக்கிட்டேன்" என்று சொல்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அவர்கள் திறமையில் குறையில்லை. வளர்ச்சியே பணம் தின்னும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த 60 நாளில் எந்தப் பகுதி வீங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

வசூல் நாள்கள் அதிகம் என்றால்: பாக்கிப் பட்டியலை 30 நாளுக்குள், 31 முதல் 60, 61 முதல் 90, அதற்கும் மேல் என்று நான்காகப் பிரியுங்கள். பழைய பாக்கி திரும்பி வரும் வாய்ப்பு நாளுக்கு நாள் குறையும் என்பதால் எந்தக் கட்டில் தொகை அதிகம் என்பது முக்கியம். அப்புறம் உங்கள் பக்கத்துத் தாமதத்தைப் பாருங்கள். பொருள் கொடுத்து எத்தனை நாள் கழித்து பில் அனுப்புகிறீர்கள்? மாதக் கடைசியில் மொத்தமாக அனுப்பும் பழக்கம் இருந்தால், மாதத் தொடக்கத்தில் கொடுத்த சரக்குக்கு நீங்களாகவே கிட்டத்தட்ட 30 நாள் கூடுதல் தவணை கொடுத்திருக்கிறீர்கள். பொருள் போகும் அன்றே பில்லும் போகட்டும். பெயர், எண், வரி விவரம் பிழையாக இருந்தால் பில் திரும்பி வரும், நாளும் போகும்.

பணம் கேட்பதில் பலருக்குச் சங்கடம். கேட்டால் உறவு கெட்டுவிடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. தவணை முடிய மூன்று நாள் முன்பே ஒரு முறை பேசுங்கள்: "பில் கிடைத்ததா, ஏதாவது திருத்தம் இருக்கிறதா?" அந்த நேரத்தில் கேட்பது நச்சரிப்பாகத் தோன்றாது. தவணை கடந்துவிட்டால் "பணம் எப்போ தருவீங்க?" என்று பொதுவாகக் கேட்க வேண்டாம். "எந்தத் தேதியில் அனுப்புவீங்க?" என்று கேளுங்கள். சொன்ன தேதியை எழுதி வைத்து, அன்று காலையிலேயே கூப்பிடுங்கள். இரண்டு தேதி தவறினால் பழைய பாக்கி வரும்வரை புதிய சரக்கு நிற்கட்டும். பெரிய ஆர்டருக்கு முன்பணம் வாங்குங்கள். குறைந்தபட்சம் உங்கள் மூலப்பொருள் செலவாவது அதில் அடங்க வேண்டும்.

வேகமாகப் பணம் வர கழிவு கொடுக்கலாமா? கணக்கு பார்த்துக் கொடுங்கள். 30 நாள் தவணையில் 10 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் கழிவு என்பது பல நாடுகளில் பழகிய வழக்கம். கேட்க மிகச் சின்னதாகத் தெரியும். 20 நாள் முன்னதாகப் பணம் பெற 2 சதவீதம் கொடுப்பது, ஆண்டு வட்டியாகப் பார்த்தால் ஏறத்தாழ 37 சதவீதம். அவசரத்துக்கு ஒரு முறை சரி, வழக்கமாக வேண்டாம். இதையே உங்களுக்கு சரக்குக் கொடுப்பவர் தந்தால், கையில் பணமும் இருந்தால், தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரக்கு நாள்கள் அதிகம் என்றால்: 90 நாளாக அசையாத பொருள்களைத் தனியாக எழுதுங்கள். அவற்றை அடக்க விலைக்கோ அதற்குக் கீழோ தள்ளிவிட மனம் வராது. ஆனால் அதற்குக் கொடுத்த பணம் ஏற்கெனவே போய்விட்டது. இன்று கேட்க வேண்டியது, இந்த இடமும் இந்தப் பணமும் வேகமாக ஓடும் பொருளில் இருந்தால் எவ்வளவு ஈட்டும் என்பதுதான். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று சொல்லி வாங்கிய சரக்கு பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

இரண்டும் சரியாக இருக்கிறது, இன்னும் பணம் இல்லை என்றால் ஏட்டில் தெரியாத மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, கடன் தவணை. மாதம் 10,000 கட்டி அதில் வட்டி 3,000 என்றால், லாப நட்டக் கணக்கில் 3,000 மட்டும்தான் செலவு. அசல் 7,000 லாபத்திலிருந்து சத்தமில்லாமல் வெளியேறுகிறது. இரண்டு, விற்பனையோடு வசூலித்த வரி. அது உங்களிடம் சில நாள் தங்கிப் போகும் அரசின் பணம். வரும் அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மூன்று, நீங்கள் அவ்வப்போது எடுக்கும் சில்லறைத் தொகைகள். மாதம் ஒரு தொகை, ஒரே தேதி என்று வையுங்கள்.

இதெல்லாம் முடிந்ததும் 13 வார ரொக்கக் கணக்கு ஒன்று போடுங்கள். ஒரு தாளில் வாரத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு வாரமும் கையில் தொடங்கும் தொகை, உறுதியாக வரும் பணம், கட்டாயம் போகும் பணம், மீதி. வரவை எழுதும்போது ஆசைப்பட்டு எழுதக் கூடாது. வழக்கமாக 45 நாளில் தருபவரை 45ஆம் நாளில்தான் போட வேண்டும். ஆறாவது வாரத்தில் மீதி பூச்சியத்துக்குக் கீழே போவது இன்றே தெரிந்தால் சமாளிக்க ஐந்து வாரம் இருக்கிறது. தெரியாவிட்டால் ஒரு இரவுதான் இருக்கும். நான் சொல்லும் எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அறிகுறி: "ராத்திரி பகலா உழைக்கிறேன், மாசக் கடைசியில ஒன்னும் மிஞ்சல"

மேலே சொன்னதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே பணம் எங்கோ இருக்கிறது, வந்து சேரவில்லை. இங்கே பணமே உண்டாகவில்லை. வேறுபடுத்த ஒரு சோதனை: வர வேண்டிய பாக்கி முழுவதும் இன்றே வந்து, கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்துவிட்டால் மிச்சம் இருக்குமா? இருக்காது என்றால் கோளாறு விலையில் அல்லது செலவில்.

முதல் சந்தேகம் அடக்க விலையின் மேல். மூலப்பொருள் விலையை மட்டும் எழுதிவிட்டு, பொட்டலம் கட்டும் செலவு, போக்குவரத்து, சேதாரம், பணம் பெறும் கட்டணம், திரும்பி வந்த பொருள் இதையெல்லாம் விட்டுவிடுவார்கள். எல்லோரும் விடுவது தன் உழைப்பை. இந்த வேலைக்கு வேறொருவரை வைத்தால் என்ன சம்பளம் தருவீர்களோ அது செலவுதான். அதைச் சேர்த்ததும் லாபம் மறைந்துவிட்டால், இத்தனை நாள் உங்கள் கூலியை வாடிக்கையாளருக்கு இனாமாகக் கொடுத்து வந்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, சதவீதக் குழப்பம். அடக்கம் 100, அதில் 30 சதவீதம் வைத்து 130க்கு விற்கிறீர்கள். "30 சதவீதம் லாபம் வைக்கிறேன்" என்ற நினைப்பில் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் மீதி 20 இருக்கும் என்று தோன்றும். தள்ளுபடி 130இல் கழிகிறது. விலை 117 ஆகி, கையில் நிற்பது 17. முன்பு 100 உருப்படி விற்றுக் கிடைத்த 3,000ஐ எடுக்க இப்போது 177 உருப்படி விற்க வேண்டும். அத்தனை வாங்கி வைக்க, பொட்டலம் கட்ட, அனுப்ப ஆகும் கூடுதல் வேலை தனி.

திருப்பிப் பாருங்கள். அதே பொருளின் விலையை 5 சதவீதம் ஏற்றினால் 136.50. ஒன்றுக்கு 36.50 நிற்கும். 100இல் 17 விற்பனை குறைந்தாலும் பழைய 3,000க்குக் குறையாது. விலை ஏற்றினால் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். 17 பேர் போவார்களா என்பதை உங்கள் தொழிலை வைத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லாப் பொருளிலும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். புதிதாக வருபவர்களுக்கு முதலில் புதிய விலை சொல்லிப் பாருங்கள்.

விலை சரியாக இருந்தும் மிச்சம் இல்லையென்றால் அளவு போதவில்லை. வாடகை, சம்பளம், வட்டி என்று விற்றாலும் விற்காவிட்டாலும் போகும் செலவு மாதம் 60,000, ஒரு உருப்படியில் நிற்பது 30 என்றால், 2,000 உருப்படி விற்ற பிறகுதான் முதல் லாபம். மாதம் 25 வேலை நாள் என்றால் தினம் 80. இந்த எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள். தினம் 80 என்பது உங்கள் ஆளாலும் இடத்தாலும் முடியவே முடியாத எண்ணாக இருந்தால், இன்னும் கடினமாக உழைப்பது வழியல்ல. நிலையான செலவு குறைய வேண்டும், அல்லது ஒன்றில் நிற்பது கூட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

அறிகுறி: "திறந்து மூணு மாசமாச்சு, யாருமே வரல"

விளம்பரத்துக்குப் பணம் எடுக்கும் முன், ஆள் எந்தப் படியில் நிற்கிறார் என்று பாருங்கள். தெரியவே இல்லையா, தெரிந்தும் விசாரிக்கவில்லையா, விசாரித்தும் வாங்கவில்லையா, வாங்கியும் திரும்பி வரவில்லையா?

முதல் படியில் மட்டும்தான் விளம்பரம் மருந்து. இரண்டாம் படியில் நிற்கிறார் என்றால் நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்பது அவருக்குப் புரியவில்லை. ஒரே வாக்கியத்தில், அவருடைய சிக்கலின் பெயரைச் சொல்லி எழுதிப் பாருங்கள். மூன்றாம் படியில் விலை, நம்பிக்கை, பதில் சொல்லும் வேகம் மூன்றையும் சோதியுங்கள். விசாரித்துவிட்டு வாங்காமல் போன பத்துப் பேரைக் கூப்பிட்டு "வேற எங்க வாங்குனீங்க, என்ன காரணம்?" என்று கேட்கலாம். பத்தில் நான்கு பேர் மனம் திறந்து சொன்னாலே போதும். நான்காம் படி என்றால் கோளாறு பொருளில்தான். அதைச் சரிசெய்யாமல் ஆளை வரவழைத்தால் அதிருப்தி அடைபவர்களின் எண்ணிக்கைதான் கூடும்.

இன்னொன்று உண்டு. தொடங்கும் முன் நண்பர்களும் உறவினர்களும் "அருமையான யோசனை" என்றிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, உங்கள் மேல் உள்ள அன்பைச் சொன்னார்கள். தேவை இருக்கிறது என்பதற்கு ஒரே சாட்சி, உங்களை முன்பின் தெரியாத ஒருவர் முழு விலை கொடுத்து வாங்குவது. அப்படி எத்தனை பேர் இதுவரை வந்தார்கள் என்று எண்ணுங்கள். ஒருவரும் இல்லையென்றால் தொழிலை இன்னும் தொடங்கவில்லை என்றே வைத்துக்கொண்டு, சிறிய அளவில் முதலிலிருந்து சோதித்துப் பாருங்கள்.

அறிகுறி: "ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர், அவர் போனா எல்லாம் போச்சு"

வருமானத்தில் அவர் பங்கு என்ன? மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் நான் கவலைப்படுவேன். விலையும் தவணையும் அவர் சொல்வதுதான் என்ற நிலை அதன் பிறகு வந்துவிடும். அவரை விட வேண்டாம். அவருக்குச் செலவிடும் நேரத்தில் வாரம் அரை நாளை மட்டும் வெட்டி, அந்த அரை நாளைப் புதிய வாடிக்கையாளர்களைத் தேட வையுங்கள். அவருக்கென்றே இயந்திரம் வாங்குவது, ஆள் சேர்ப்பது என்றால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வேண்டாம்.

அறிகுறி: "நான் ஒரு நாள் இல்லன்னா வேலை நிக்குது"

இரண்டு வாரம், யார் என்ன கேட்டு உங்களிடம் வந்தாலும் குறித்து வையுங்கள். பாதிக் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கும். அவற்றுக்குப் பதிலை எழுதி வைத்து, இவ்வளவு தொகைக்குள் நீங்களே முடிவு எடுங்கள் என்று எல்லை கொடுத்துவிடுங்கள். தவறு நடக்கும். அந்த எல்லைக்குள் நடக்கும் தவறு உங்களுக்குத் தாங்கும்.

அறிகுறி: "கூட்டாளியோட பேச்சே சரியில்ல"

சண்டை எதைப் பற்றி என்பதை விட, எழுத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். யார் எவ்வளவு முதல் போட்டார், யார் எத்தனை மணி நேரம் உழைப்பார், உழைப்புக்குத் தனிச் சம்பளமா, ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு எப்படி விலை போடுவது. முதல் போட்டதற்கான பங்கும் உழைப்புக்கான கூலியும் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதுதான் பெரும்பாலும் கசப்பின் வேர். இன்னும் பேச முடிகிற உறவு இருக்கும்போதே எழுதிவிடுங்கள். நல்ல நண்பர்களுக்கிடையேதான் இது அதிகம் தேவை. இழக்க அவர்களுக்கு அதிகம் இருக்கிறது.

அறிகுறி: "ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன்"

இதைப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இங்கே வாருங்கள். வாங்கிய கடன் எதற்குப் போனது? பல ஆண்டு உழைக்கும் இயந்திரத்தைச் சில மாதத்தில் கட்ட வேண்டிய கடனில் வாங்கியிருந்தால், தொழில் நன்றாக இருந்தாலும் தவணை நெரிக்கும். அப்படியானால் கடன் கொடுத்தவரிடம் போய்க் காலத்தை நீட்டக் கேளுங்கள். தவணை தவறிய பிறகு போவதை விட, தவறும் முன், அந்த 13 வாரத் தாளோடு போனால் பேச்சே வேறாக இருக்கும்.

கடன் மாதாந்திர நட்டத்தை மூடப் போயிருந்தால் புதிய கடன் எதையும் சரிசெய்யாது. வட்டி அதிகமுள்ளதை முதலில் அடைக்கும்படி பட்டியல் போட்டு, விலைக் கணக்குக்குத் திரும்புங்கள். வீட்டையோ நகையையோ இந்தக் கட்டத்தில் அடகு வைக்காதீர்கள். இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அறிகுறி: "எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு, ஒன்னும் மாறல"

கடைசியாக ஒரு சோதனை. ஒரு உருப்படி விற்கும்போது, அதற்காக மட்டும் ஆகும் செலவைக் கழித்து ஏதாவது நிற்கிறதா? நின்றால், அது வாடகைக்கும் சம்பளத்துக்கும் ஒரு பகுதியைத் தருகிறது. செலவைச் சுருக்கித் தொடர இன்னும் இடம் இருக்கிறது. ஒன்றும் நிற்கவில்லை, விலையையும் ஏற்ற முடியவில்லை என்றால், ஒவ்வொரு விற்பனையும் நட்டத்தைக் கூட்டுகிறது. அப்போது அதிகம் விற்பதே ஆபத்து.

அந்த நிலையில் ஒரு தேதியும் ஒரு தொகையும் குறியுங்கள்: இந்த நாளுக்குள் இந்த எண் மாறாவிட்டால், அல்லது சேமிப்பில் இவ்வளவுக்கு மேல் போனால் நிறுத்துகிறேன் என்று. மனம் தெளிவாக இருக்கும்போது எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அந்த நாள் வந்துவிட்டால் வரிசை இது: புதிய கொள்முதலை நிறுத்துவது, பாக்கியை வசூலிப்பது, இருக்கும் சரக்கை விற்பது, வரும் பணத்தில் ஊழியர்களின் சம்பளத்தை முதலில் கொடுப்பது. வரியும் சட்டப்படி மூடும் முறையும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் ஒரு கணக்காளரை அழைத்துக்கொள்ளுங்கள். சரக்குக் கொடுத்தவர்களிடம் அவர்கள் வேறு யார் மூலமோ கேள்விப்படும் முன் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். அடுத்த தொழிலைத் தொடங்கும்போது சரக்குக்காக நீங்கள் போய் நிற்கப் போவது பெரும்பாலும் அவர்களிடம்தான்.